பந்தி

எமல்டாவின் விரல் வெடிப்புகளில் மகளின் தலைமுடி சிக்கி இழுக்கும். அதனால் பின்னல் போட்டுக்கொள்ள அவள் அம்மாவிடம் வருவதை நிறுத்தி ஒரு மாதமாகிறது. எமல்டாவுக்குக் கதவைத் தொட்டால் கை கழுவ வேண்டும், சில்லறையைத் தொட்டால் கழுவ வேண்டும், கழுவிய கையால் குழாயை மூடியதற்காக மறுபடியும் கழுவ வேண்டும். தோல் டாக்டர் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கிருமின்னா எல்லாமே கெட்டது இல்லைங்க. தோல் மேல நல்லதும் கோடிக்கணக்குல குடியிருக்கு. நீங்க கழுவிக் கழுவி அதுங்களைப் பட்டினி போட்டுட்டீங்க. இந்த க்ரீம் அதுங்களுக்குச் சாப்பாடு. பூசிட்டு உடனே கழுவிடாதீங்க.” வீட்டுக்கு வந்து பூசிய மறுநிமிடமே உள்ளங்கை குறுகுறுத்தது. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். கால்கள் தாமாகவே குழாயடிக்குப் போயின. முழங்கையால் திறந்தாள். கையை நீட்டும்போதுதான், சின்ன வயதில் கல்யாண வீட்டுப் பந்தியின் பாதியில் எழப்போன அவள் தொடையை அப்பா கிள்ளியது நினைவுக்கு வந்தது. பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்குமுன் எழுந்து கை கழுவப் போகக் கூடாது. சீப்போடு கூடத்தைக் கடந்த மகள் நின்றாள். “தண்ணி வீணாப் போகுதும்மா. கழுவப் போறியா, இல்லையா?” “இருடி, இன்னும் சாப்பிட்டுட்டு இருக்காங்க.” “யாரு?” எமல்டா, ஓடும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, ஒரு விரலும் அசையாமல் கைகளை விரித்துப் பிடித்திருந்தாள். யாரும் இன்னும் இலையை மூடியதாகத் தெரியவில்லை.