கடைசிச் சுற்றின் சத்தம்

"உங்க தம்பி பொண்டாட்டிக்கு உடம்பைக் குறைக்க வேற நேரமே கிடைக்கலையா? தினமும் சாயங்காலமானா சைக்கிள் சத்தம் காதைத் துளைக்குது!"

மாடிப்படியில் வழிமறித்துச் சொன்னாள் கீழ் வீட்டுக்காரி. அடுத்த வீட்டுச் சங்கதியில் அவளை முந்த ஆளில்லை.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓடுதளமோ, சாலையோ, சைக்கிள் பந்தயம் என்றால் நாட்டுக்கே அவன்தான் சாம்பியன். ஒரு மலைச்சாலை இறக்கத்தில் எல்லாம் முடிந்துபோனது.

அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். 'இதயம் தாங்காது, இப்போதைக்குச் சொல்லாதீங்க' என்றார் டாக்டர். 'நான் சமாளிச்சுக்கறேன்' என்று மாமியாரை வீட்டுக்கு அழைத்துவந்தவள் இதே மருமகள்தான். சமாளிக்கிற லட்சணம் இதுதானா?

கதவைத் தள்ளினாள். கூடத்தில், பயிற்சி உருளைகள்மேல் தம்பியின் சைக்கிள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி மிதித்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி.

"நல்லா இருக்கு உன் துக்கம்! அவன் உசிரா வச்சிருந்த சைக்கிள், உனக்கு விளையாட்டுச் சாமானா?"

அவள் பதறி இறங்கினாள்.

"மெதுவா அண்ணி, அத்தை காதுல விழுந்துடும்."

"விழட்டுமே!"

"பந்தயம் நெருங்கிட்டா அவர் யார்கிட்டயும் பேசமாட்டாரே, அத்தைகிட்டகூட. அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். இந்தச் சத்தம் கேட்டாத்தான், மகன் வீட்டுல இருக்கான்னு நம்பி நாலு வாய் சாப்பிடறாங்க."

அவள் முழங்கையெல்லாம் சிராய்ப்பு. உருளைமேல் ஓட்டப் பழகுவதற்குள் பலமுறை விழுந்திருக்கிறாள்.

அக்காவுக்குத் தன் நாக்கையே கடித்துத் துப்பவேண்டும் போலிருந்தது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

"தம்பி பயிற்சியில இருக்கான்மா, அதான்..."

அம்மா மகளின் கையைப் பற்றினாள்.

"இத்தனை வருஷமா கேட்ட சத்தம் எனக்குத் தெரியாதாடி? எம்புள்ள கடைசிச் சுத்துல உசிரைக் கொடுத்து மிதிப்பான், வீடே அதிரும். இது சோர்ந்து சோர்ந்து நிக்குது."

"அம்மா... அப்போ உனக்கு..."

"வீட்டுக்கு வந்த அன்னைக்கே புரிஞ்சு போச்சு." அம்மாவின் கண்ணீர் தலையணையில் இறங்கியது. "அவகிட்ட மூச்சு விட்டுடாதே. எனக்காகன்னுதான் அந்தப் பொண்ணு எழுந்து நடமாடுது. இதையும் பிடுங்கிட்டா ஒரேயடியாப் படுத்துடும்."

கூடத்தில் மறுபடி உருளைகள் சுழலத் தொடங்கின.

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். வெளியே கேட்கும்படி உரக்கக் கத்தினாள்:

"போதும்டா கண்ணா, இறங்கு! உன் பொண்டாட்டி இன்னும் சாப்பிடலைடா!"