அம்மையிடம் கேட்டது

கேட்டாகிவிட்டது. இனி வாயைத் திறக்கக் கூடாது.

எப்சிபாவின் வேலையில் பாதி இதுதான். கேட்பது. கேட்டபின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சமூகப்பணி என்று படித்ததெல்லாம் இதற்குத்தானா என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார். வீட்டில் அவரை அவள் ஒரு பேச்சையும் முடிக்க விட்டதில்லை.

"அண்ணாச்சி, நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கிய?"

இவ்வளவுதான் கேள்வி.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சங்கரபாண்டி. நாற்பத்து நான்கு வயது. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். பிறந்ததிலிருந்தே அவருக்கு எதுவும் மெதுவாகத்தான் பிடிபடும். ஒரு கேள்வி உள்ளே போய்ப் பதிலாகத் திரும்பி வர நேரமாகும். அந்த நேரத்தை அவருக்கு யாரும் கொடுத்ததில்லை.

அண்ணாச்சி என்றதும் அவர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அம்மா ஆவுடையம்மாள் முந்திக்கொண்டாள்.

"அவனுக்கு எங்கம்மா சொல்லத் தெரியும்? நான் சொல்லுதேன்."

எப்சிபா உள்ளங்கையைக் காட்டினாள். குழந்தை தூங்குகிற வீட்டில் காட்டுவது போல, மெதுவாக.

ஆவுடையம்மாள் அடங்கினாள். அவளுக்கு அது வலித்தது. அவனுக்குப் பசிக்கிறது, அவனுக்குக் காரம் ஆகாது, அவனுக்குக் கூட்டம் பிடிக்காது. இத்தனை வருடமும் அவள் பேச்செல்லாம் அப்படித்தான் தொடங்கியது.

இப்போது அவளுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. சென்னையிலிருந்து மூத்த மகன் வந்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார். தம்பி பராமரிப்பு விடுதிக்கு. அம்மா தன்னோடு சென்னைக்கு. சாயங்காலம் ரயில்.

விடுதியின் சார்பில் வந்தவள் எப்சிபா. சங்கரபாண்டி தன் வாயால் சரி என்று சொல்லாமல் அழைத்துப் போக மாட்டாள்.

மின்விசிறி சுற்றியது.

அடுக்களையில் குக்கர் விசிலடித்தது. யாரும் எழவில்லை.

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்டுவிடலாமே என்று எப்சிபாவின் நாக்கு துறுதுறுத்தது. கேட்டால் அவர் பாவம், முதலிலிருந்து யோசிக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சங்கரபாண்டி தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். நாற்காலியில் நீட்டியிருந்த அம்மாவின் கால்களைப் பார்த்தார். பார்வை அங்கேயே கிடந்தது.

பிறகு எப்சிபாவிடம் திரும்பினார்.

"அம்மைட்ட கேட்டியளா?"

எப்சிபாவுக்குச் சுரீர் என்றது.

இந்த வீட்டுக்கு அவள் வருவது இது முதல் தடவை அல்ல. அவருடைய சாப்பாடு, தூக்கம், மாத்திரை எல்லாவற்றையும் இந்த அம்மாவிடம்தான் துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே, என்னவென்று தெரியாத ஒரு சந்தோஷம்.

"கேக்கல, அண்ணாச்சி."

நாற்காலியை ஆவுடையம்மாள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கியம்மா?"

"அம்மைக்கு என்ன, எங்கூடத்தான்..." என்று அண்ணன் தொடங்கினார்.

சங்கரபாண்டி உள்ளங்கையைக் காட்டினார்.

மெதுவாக.

அண்ணன் நிறுத்திக்கொண்டார். தம்பி தன்னை நிறுத்தி அவர் பார்த்ததே இல்லை.

விசிறி சுற்றியது. அடுக்களையிலிருந்து அடிபிடிக்கிற வாசனை வந்தது. ஒரு நாளும் எதையும் தீய விடாதவள் எழுந்திருக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். இளைய மகனைப் பார்த்தாள்.

அவர் அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு..." என்றாள் ஆவுடையம்மாள்.

மேலே எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூவரும் காத்திருந்தார்கள்.

அண்ணன்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.