இன்னொருத்தியின் துடிப்பு

மலைச்சாலையின் ஏழாவது வளைவில் தவமலருக்குக் கண் இருட்டியது. ஸ்கூட்டரில் கூடவே வந்த பயிற்சியாளர், "எவ்வளவு காட்டுது?" என்றார். சைக்கிள் கைப்பிடியிலிருந்த மீட்டரைப் பார்த்து, "நூத்தி அம்பத்தெட்டு சார்" என்றாள்.

"உன் இதயம் நூத்தித் தொண்ணூறு வரைக்கும் போகும். இன்னும் முப்பது துடிப்ப வச்சுக்கிட்டு நடிக்காத. மிதி."

மிதித்தாள். மாநில அணியில் இருப்பது ஒரே இடம். இருபத்தொன்பது வயதானவளை அடுத்த வருடம் தேர்வுக்கே கூப்பிடமாட்டார்கள். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, எண் அசையவில்லை. உடம்புதான் பொய் சொல்கிறது என்று நம்பினாள், மார்பில் கட்டியிருந்த துடிப்புப் பட்டை வயிற்றுக்கு நழுவும் வரை. அவளுடைய பட்டை அப்படித் தளராது. விடுதி அறையில் ஒரே கொடியில் காயப்போட்டிருந்த இருவர் பட்டைகளும் காலை அவசரத்தில் மாறிவிட்டன. அதே இடத்துக்குப் போட்டியிடும் அறைத்தோழி ஷகிலாவின் பட்டை இவளிடம், இவளுடையது ஷகிலாவிடம். மீட்டரோ தன்னோடு இணைத்த பட்டை யார் மார்பில் இருந்தாலும் அதன் துடிப்பைத்தான் காட்டும். மீட்டரில் ஓடிக்கொண்டிருப்பது, பத்தடி பின்னால் சீராக மூச்சுவிட்டு வரும் ஷகிலாவின் இதயம்.

எண் ஏறத் தொடங்கியது. நூற்று எழுபது. நூற்று எண்பத்திரண்டு.

"அக்கா, கொஞ்சம் ஓரமா போங்களேன்" என்றாள் ஷகிலா, முந்துவதற்காக. குரலில் பதற்றமே இல்லை. மீட்டரில் நூற்று எண்பத்தொன்பது. ஷகிலாவின் உச்சமும் ஏறத்தாழ அதுதான்.

உச்சத்துக்குப் போன இதயத்தை யாராலும் அங்கே வெகுநேரம் பிடித்துவைக்க முடியாது. தவமலர் வழிவிடாமல் சாலையின் நடுவுக்கு வந்தாள். தன் நெஞ்சு எந்த எண்ணில் ஓடுகிறதென்று தெரியாமலேயே, அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தாள்.