அரசவையில் ஆறு ஆப்பிள்

மன்னர் கையே வைக்காத தட்டில் ஆறு ஆப்பிள் நாலாகியிருந்தது.

"சாப்பாட்டு பிரேக்குக்கு முன்னாடி ஆறு, பின்னாடி நாலு. ஒரே சீன்!" டைரக்டர் மானிட்டரைத் தட்டினார். "போன வாரம் ராஜா காலத்து ஆப்பிள்ல கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்குன்னு டிவி பார்த்த ஊரே சிரிச்சுது. இப்ப இது வேறயா?"

கன்டினியூட்டி பார்க்கும் பெண் நோட்டைப் புரட்டினாள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் எதுவும் மாறாமல் பார்ப்பது அவள் பொறுப்பு. அந்தச் சிரிப்புக்குப் பிறகு, தினமும் காலையில் பழங்களின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டுவதும் அவள்தான். இன்று அந்த வேலைக்கு நடுவிலேயே இரண்டு தடவை குழாயடிக்கு ஓடி, முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

"எல்லாரும் சாப்பிட்டு வர்ற வரைக்கும் நீதானே செட்டுல காவல்? வேற யாரு வந்தாங்க?"

"சாமரம் வீசுற அண்ணன்... தட்டுப் பக்கமா வந்தாரு சார்."

அதில் பொய் இல்லை. கீழே கிடந்த சாமரத்தை எடுத்து வைக்க அவர் வந்தது உண்மைதான்.

சாமரக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தோள். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒட்டுமீசையைப் பிய்த்து மேஜையில் வைத்தார்.

"பசி சார். தின்னுட்டேன்."

"ராஜா முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ராஜா பழத்தையே திங்கிறியா? நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராதே!"

யாரோ சிரித்தார்கள். அவள் குனிந்து, நோட்டில் 'ஆப்பிள் - 4' என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

ஷூட்டிங் முடிந்ததும் கேட்டைத் தாண்டி ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் அவர் இன்னும் நின்றிருந்தார்.

"அண்ணே, என்னால உங்க பொழப்பே போச்சு. மன்னிச்சிடுங்க..."

"விடும்மா. தோள் இருக்கு, ஊருல மூட்டை இருக்கு."

பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து அவள் கையில் வைத்தார். அதில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

"இது கடையில வாங்குனது. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு, இனிமே ஒளிஞ்சு திங்காதே."