தரையில் வைத்த பாட்டில்

“இன்னும் ஒரு விலா எலும்பு கீழ போ,” என்றேன்.

ராஜேந்திரன் விரலை இறக்கினான். காது இரண்டும் சிவந்திருந்தன.

நோயாளியின் இடது மார்புக்குள் காற்று அடைத்து, நுரையீரல் சுருண்டுவிட்டது. குழாய் செருகிக் காற்றை வெளியேற்றாவிட்டால் உயிர் தங்காது. மெட்ராஸ் டாக்டர் ரயிலேறி வந்து சேர மதியமாகும்.

அந்த ஐம்பத்தாறாம் வருஷத்தில் எங்கள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் குழாய் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சின்ன டாக்டர் ராஜேந்திரன் பக்கத்தில் நின்று பார்த்தவன், அவ்வளவுதான். அன்று அவன்தான் போட்டாக வேண்டும்.

டாக்டர் ரெபேக்காள் பொல்லாதவள் என்று எனக்குப் பேர். பாடம் நடத்தினால் மூச்சு விடாமல் திட்டுவேன். அன்று சுருக்கமாகத்தான் திட்டினேன்.

“எலும்போட மேல் ஓரத்த ஒட்டிப் போ. கீழ் ஓரத்துல ரத்தக்குழாய்.”

அவன் என் முகத்தையே பார்த்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. முகத்திலா குழாய் செருகப் போகிறான்?

ஒருவழியாகக் கத்தி இறங்கியது. குழாய் உள்ளே போனது. அதன் மறுமுனையைத் தரையிலிருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டான்.

குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. எனக்குப் பிடித்த சத்தம் அது.

பாட்டிலுக்குக் காவல் ஆயா கன்னியம்மா. செய்யூர்க்காரி. பாட்டில் தரையிலேயே இருக்க வேண்டும், தூக்கினால் தண்ணீர் மார்புக்குள் ஏறிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனையோ நோயாளிகளுக்குக் காவல் இருந்திருக்கிறாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அன்று குனிந்து, பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து, கட்டிலைவிட உயரமான ஸ்டூலில் வைக்கப் போனாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“இன்னா டாக்டரே, நம்ம டாக்டரம்மா மூச்சு, அல்லாரும் மிதிக்கிற தரையிலயா கெடக்கணும்?”

கத்த நினைத்தேன். குரல் வரவில்லை.

“கீழ வை ஆயா!”

ராஜேந்திரன் போட்ட அதட்டலில் வார்டே திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டில் தரைக்குப் போய்ச் சேரும்வரை அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் தலையணையில் சாய்ந்து, காலையிலிருந்து கிடைக்காத ஒரு முழு மூச்சை இழுத்தேன்.

இனி இந்த ஆஸ்பத்திரியில் குழாய் போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.