பேனாவால் அடித்த சொல்

தன்னம்பிக்கைப் பேச்சாளர் மாசிலாமணியின் குரல் இப்போது நாலு லட்சம் காதுகளில் குடியிருந்தது. காதுக்கருவிக்குள் இருந்தபடி, ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் வேலைக்குத் தக்கபடி நாள் முழுக்க அந்த இயந்திரக் குரல் அதுவாகவே பேசி உற்சாகமூட்டும். குரலைப் பதிவு செய்த நாளில், கம்பெனிக்காரர்கள் வாசிக்கக் கொடுத்த சொற்பட்டியலில் 'போதும்' என்பதை மட்டும் அவர் பேனாவால் அடித்துவிட்டார். "இந்தச் சொல் என் வாயில் வராதுங்க" என்று பெருமையாகச் சிரிக்கவும் செய்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தபடி இன்று தூத்துக்குடி ஆஸ்பத்திரி வார்டில் அவர் நின்றிருந்தார். கட்டிலில் துறைமுகச் சுமைதூக்கி ஞானதுரை படுத்திருந்தான். காதில் அந்தக் குரல் ஊக்க ஊக்க, நெஞ்சுவலியோடு பதினோரு மணி நேரம் மூட்டை சுமந்தவன்.

அவன் மனைவி எஸ்தர் அவரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் சொன்னா கேக்க மாட்டாக. நீங்க சொன்னா கேப்பாகய்யா. வேலைக்குப் போக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாசிலாமணி அவன் கையைப் பிடித்தார். முப்பது வருஷமாக மைக் முன்னால் தடுமாறாத நாக்கு தடுமாறியது.

"போதும் ஞானதுரை. வீட்டுக்குப் போய் ஓய்வெடுப்பா."

ஞானதுரை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மனைவியிடம் திரும்பினான்.

"யாரப் பிடிச்சுக் கூட்டியாந்திருக்க? குரல் அய்யா மாதிரிதான் இருக்கு. ஆனா அய்யா இப்படிப் பேசவே மாட்டாரு."

தலையணைக்கு அடியில் துழாவிக் காதுக்கருவியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"எழுந்திரு ஞானதுரை!" மாசிலாமணியின் குரல் அதிலிருந்து கசிந்தது.

அவன் முகம் மலர்ந்தது. கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினான்.