1955-இல் ஓர் அம்பாசிடர்

கதைகளில் பழைய கார்களைத் தப்பாக எழுதுகிறவர்களுக்குக் கண்டனக் கடிதம் போடுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்தார், எண்பதை எட்டப்போகும் மயிலாப்பூர் சந்திரமௌலி. மருமகள் மாளவிகா நீட்டிய தாளில் முதல் வரியைப் படித்ததுமே குதித்தார்.

"'1955. சிறுவன் அப்பாவின் அம்பாசிடரில் பள்ளிக்கூடம் போய் இறங்கினான்.' அப்போ அம்பாசிடரே பொறக்கலையேம்மா! லேண்ட்மாஸ்டர்தான். எந்த மண்டு எழுதினது?"

"நிச்சயமா தப்பா, மாமா? சாயங்காலம் அச்சுக்குப் போகணும்."

"சுத்தப் புளுகு! எழுதினவன் காரையே பாத்திருக்க மாட்டான். கிழிச்சுப் போடு."

"கிழிச்சா உங்க சதாபிஷேக மலர்ல முதல் பக்கம் காலியாயிடும். நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிண்டதுதான் மாமா. ஒரு எழுத்தைக்கூட மாத்தப்படாதுன்னேள். 'நான்'ங்கறதை மட்டும் 'சிறுவன்'னு மாத்தினேன்."

சந்திரமௌலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சரி, லேண்ட்மாஸ்டர்னு திருத்திடு."

சமையலறையிலிருந்து மனைவி காமாக்ஷியின் குரல் வந்தது.

"கை ரிக்‌ஷான்னு போடும்மா. நான் அப்போ எதிராத்துப் பொண்ணு, இவர் அதுல போறதை தினம் பாத்திருக்கேன். அது அம்பத்தஞ்சுல நிச்சயமா இருந்தது."